சிங்கப்பூரில் பைக்கை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் தங்கை கல்யாணம், அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, கம்பெனி மூன்று மாதம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது, இல்லையென்றால் டிசம்பர் பள்ளி விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்து ஒரு நீண்ட விடுப்பு. காரணம் எதுவானாலும் பைக் புளோக்குக்குக் கீழே தனியாக நிற்கப் போகிறது. இதைப் பற்றி இணையத்தில் தேடினால் பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் தங்கள் கராஜை மனத்தில் வைத்துச் சொல்லும் யோசனைகள்தான் பெரும்பாலும் கிடைக்கும். நமக்குக் கராஜும் இல்லை, பனியும் இல்லை. அவற்றில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இங்கே குளிர்காலமே கிடையாதே, அப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகிவிடும்?

இரண்டு வாரம் என்றால் ஒன்றும் ஆகாது. கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹேண்டிலைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம். ஒரு மாதத்தைத் தாண்டும்போது பேட்டரி சோதிக்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று மாதம் என்றால் பெட்ரோல், டயர், பிரேக் என்று ஒவ்வொன்றாக வரிசைகட்டும்.

குளிர்நாட்டுக்காரர்களின் பயம் வேறு. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும். எஞ்சினுக்குள் வெறும் தண்ணீர் இருந்தால் வார்ப்பிரும்பானாலும் அலுமினியமானாலும் வெடித்துவிடும். சாலையில் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு இரும்பைத் தின்னும். இந்த இரண்டும் நமக்கு இல்லை. நமக்கு இருப்பது ஈரம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டுவது சாதாரணம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் கொட்டும். சில தடவை நாள்கணக்கில் விடாது. நம் ஆட்கள் ஊருக்குப் போவதும் சரியாக அந்த மாதங்களில்தான்.

அதனால் அவர்கள் செய்வதற்கு நேர்மாறாக ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. அவர்கள் பைக்கை இறுக்கி மூடுவார்கள். நாம் காற்றாட விட வேண்டும். கீழே வரும் பாதி பதில்கள் இதிலிருந்து வருபவைதான்.

ஓட்டவே போவதில்லை, சாலை வரி கட்டாமல் விடலாமா?

கூடாது. இங்கே சட்டம் ஓட்டுவதை மட்டும் பார்ப்பதில்லை, வைத்திருப்பதையும் பார்க்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்பார்க்கில் அசையாமல் நின்றாலும் சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் இருக்க வேண்டும். பிரிட்டனில் இருக்கும் மருமகன் ‘நாங்கள் சாலையில் ஓட்டவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், வரி இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். அங்கே அது உண்மை. ஆனால் வண்டியைச் சொந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு உண்டு. புளோக்கில் குடியிருக்கும் நமக்கு அப்படி ஒரு இடம் ஏது?

கிளம்புமுன் ஒன்மோட்டரிங் (நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகனச் சேவை) தளத்தில் போய்ச் சாலை வரி எப்போது முடிகிறது என்று பாருங்கள். 2017இலிருந்து ஒட்டு வில்லை கிடையாது என்பதால் வண்டியைப் பார்த்துத் தேதியைத் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் ஊரில் இருக்கும்போது முடிவதாக இருந்தால் முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: பைக்குக்கு மூன்று வயது ஆகிவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். அதில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. சாலை வரியை மதுரையில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே கட்டிவிடலாம். பைக்கைப் பரிசோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போவது அங்கிருந்து முடியாத காரியம். ஆகவே தேதி நெருங்கினால் பரிசோதனையை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

காப்புறுதியில் இன்னொன்று. மூன்றாம் தரப்புக்கு மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்குப் பணம் வராது. மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர், புதுப்பிக்கும்போது தீ, திருட்டு இரண்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

எங்கே நிறுத்துவது நல்லது?

கூரை உள்ள மாடிக் கார்பார்க். அதில் சந்தேகம் வேண்டாம். திறந்தவெளி என்றால் மழை ஒருபக்கம், வெயில் இன்னொரு பக்கம், மைனா மூன்றாவது. பறவை எச்சம் பெயின்ட்டை அரிக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தால் தழும்பு போகாது. சீசன் பார்க்கிங் (மாதக் கட்டண நிறுத்துமிடம்) திறந்தவெளிக்கு எடுத்திருப்பவர்கள் போகும் மாதங்களுக்கு மட்டுமாவது கூரையுள்ள இடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மாடிக் கார்பார்க்கிலும் எல்லா மூலையும் ஒன்றல்ல. மேல்தளம் வேண்டாம். விளிம்புச் சுவர் ஓரமும் வேண்டாம், சாரல் அடிக்கும். அப்புறம் நிறுத்தும் இடத்தில் அண்ணாந்து பாருங்கள். கூரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடும், சில இடங்களில் குட்டிக் குட்டியாகச் சுண்ணாம்பு ஊசி தொங்குவதும் தெரியும். கான்கிரீட் விரிசல் வழியாக இறங்கும் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அது சொட்டும் இடத்தில் பைக் நின்றால் டாங்கியின் மேல் வெள்ளைப் பொட்டாகக் காயும். சீக்கிரம் துடைத்தால் போகும், இரண்டு மாதம் இருந்தால் பெயின்ட்டோடுதான் வரும். தரையிலும் அதே வெள்ளைக் கறை தெரியும். கறை இருக்கும் கட்டத்தை விட்டு அடுத்த கட்டத்தில் நிறுத்துங்கள்.

வாசல் நடைபாதையிலோ வாய்ட் டெக்கிலோ (புளோக்கின் திறந்த தரைத்தளத்திலோ) வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. பெட்ரோல் நிரம்பிய வண்டி தீப்பிடித்தால் மாடிக்காரர்கள் எந்த வழியாக இறங்குவார்கள்?

நாம் இல்லாதபோது இடத்தைக் காலி செய்யச் சொன்னால்?

சொல்வார்கள். தளத்தைக் கழுவ, கோடு போட, பழுதுபார்க்க என்று இன்ன தேதிக்குள் வண்டிகளை நகர்த்தச் சொல்லித் தூணில் அறிவிப்பு ஒட்டுவார்கள். அதற்காகவே ஒரு சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். டிஸ்க் லாக் போட்டிருந்தால் அதன் சாவியையும். வண்டி எந்தத் தளத்தில், எந்தத் தூணுக்கு அருகில் என்று படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

நண்பர் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கட்டுமா?

வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்யப்படும் கெடுதல்களில் இது முதலிடம்.

பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் சூடு ஏறாது. ஆவி குழாயின் உள்சுவரிலேயே தண்ணீராகத் தங்கும், எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பேட்டரிக்கும் லாபமில்லை: ஸ்டார்ட் செய்யும்போது இழுத்த கரண்டை ஐட்லிங்கில் நிற்கும் எஞ்சினால் ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. போதாக்குறைக்கு, நின்ற இடத்தில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம்.

ஓட்டத் தெரிந்த நண்பர் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் உண்மையாகவே ஓட்டிவிட்டு வரட்டும். பேட்டரி, டயர், பிரேக், செயின், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் அதைவிட நல்ல மருந்து கிடையாது. அப்படி ஒரு ஆள் அமைந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

யாரிடம் வேண்டுமானாலும் சாவி கொடுக்கலாமா?

தள்ளி நகர்த்த யாரும் போதும். ஓட்ட வேண்டும் என்றால் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று உரிமம்: 200 சிசி வரைக்கும் 2பி, 400 வரைக்கும் 2ஏ, அதற்கு மேல் 2. பல்சர் என்எஸ்200 ஓட்டும் தம்பியிடம் உங்கள் 400 சிசி சூப்பர் ஃபோரின் சாவியைக் கொடுத்து ஓட்டச் சொன்னால், அவன் உரிமமில்லாமல் ஓட்டுகிறான் என்றுதான் அர்த்தம். இரண்டு, காப்புறுதியில் வேறொருவர் ஓட்ட அனுமதி இருக்கிறதா என்பது. பைக் காப்புறுதிகள் பல, பெயர் குறிப்பிட்டவருக்கு மட்டும் என்று இருக்கும். கிளம்புமுன் கேட்டு, தேவைப்பட்டால் கொஞ்சம் கூடுதல் கட்டி அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவதுதான் என் கட்சி. வெளிநாட்டு வீடியோக்களில் சார்ஜரைச் சுவரில் செருகி மாதக்கணக்கில் அப்படியே விடுவார்கள். நம் கார்பார்க்கில் பைக் நிற்கும் இடத்தில் பிளக் எங்கே இருக்கிறது?

சாவியைத் திருப்பி அணைத்தாலும் அலாரம், கடிகாரம், ஜிபிஎஸ் கருவி என்று ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் இல்லாத பைக்கிலும் பேட்டரி தானாகவே இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகும். குளிர்நாட்டுப் பேட்டரி கராஜில் 5 டிகிரியில் தூங்கும். நம்முடையது 30 டிகிரியில் விழித்துக்கொண்டிருக்கும்.

கழற்றும்போது வரிசை முக்கியம். முதலில் கறுப்பு ஒயர், அதாவது நெகட்டிவ். அப்புறம்தான் சிவப்பு. பைக்கின் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. சிவப்பை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் சட்டத்தில் பட்டுவிட்டால் நேரடி ஷார்ட், பொறி பறக்கும். கறுப்பை முதலில் எடுத்துவிட்டால் அந்தச் சுற்றே அறுந்துவிடுகிறது, பிறகு ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் பயமில்லை. திரும்பப் பொருத்தும்போது தலைகீழ்: சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். அந்தக் குட்டி நட்டுகள் உருண்டு ஃபேரிங்குக்குள் விழுந்தால் பாதி நாள் போய்விடும். கழற்றியதும் பேட்டரியிலேயே திரும்ப முறுக்கி வையுங்கள்.

வீட்டில் உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆகிச் சில மணி நேரம் ஓய்ந்த ஈயப் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே வந்தால் சார்ஜ் போட வேண்டும். 12க்கும் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே தட்டுகளின் மேல் ஈய சல்ஃபேட் இறுகிப் படிந்துவிடும், அப்புறம் எந்தச் சார்ஜரும் அதை முழுதாக மீட்காது. முழுச் சார்ஜோடு வைத்துவிட்டுப் போனால் மூன்று மாதம் பெரும்பாலும் தாங்கும். வீட்டில் யாராவது இருந்தால் மாதம் ஒருமுறை, நிரம்பியதும் தானே நிறுத்திக்கொள்ளும் வகைச் சார்ஜரில் ஒரு நாள் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கழற்றவே மனம் வரவில்லையா? கறுப்பு ஒயரை மட்டுமாவது எடுத்து, அதன் முனையில் துணி சுற்றிவிட்டுப் போங்கள். கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போகும். ஆனால் தனிப் பேட்டரி உள்ள சில அலாரங்கள் ஒயரைக் கழற்றியதும் கத்த ஆரம்பிக்கும். அதை முன்னாலேயே அணைத்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு இதைக் கண்டுபிடிப்பது அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்காது.

லித்தியம் பேட்டரி என்றால்?

அது தானாக இறங்குவது மிகக் குறைவு. ஒயரைக் கழற்றிவிட்டாலே போதும். சார்ஜ் போட வேண்டி வந்தால் லித்தியத்துக்கான சார்ஜரில் மட்டும் போடுங்கள். ஈயப் பேட்டரிச் சார்ஜரில் இருக்கும் சல்ஃபேட் நீக்கும் வசதி இதைக் கெடுத்துவிடும். ஆள் இல்லாத வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

பெட்ரோலை நிரப்புவதா, காலி செய்வதா?

இன்ஜெக்‌ஷன் வண்டி, இரும்பு டாங்கி என்றால் நிரப்பிவிடுங்கள். டாங்கியில் காற்று இருக்கும் இடத்தில்தான் ஈரம் சேரும், துருவும் பிடிக்கும். கழுத்துவரை தளும்ப வேண்டாம், வெயிலில் பெட்ரோல் விரியும். இரண்டு விரல் இடம் விடுங்கள். சிங்கப்பூர் விலையில் டாங்கியை நிரப்பிவிட்டுச் சும்மா நிறுத்துவது வயிற்றெரிச்சல்தான். டாங்கியின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து பூசுவதற்கு ஆகும் செலவைக் கேட்டால் அது தணிந்துவிடும்.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய வகைக் கருவி) உள்ள வண்டி வேறு கதை. பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட், இன்ஜெக்‌ஷனுக்கு முந்தைய சூப்பர் ஃபோர் இதெல்லாம் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் சில தேக்கரண்டி பெட்ரோல் எப்போதும் நிற்கும். அது மூடிய டாங்கி இல்லை, காற்றோடு தொடர்புள்ளது. நம் வெக்கையில் பெட்ரோலின் லேசான பகுதி சில வாரங்களில் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் முதலில் தேன் நிறத்தில் பிசுபிசுப்பாகும், பிறகு வார்னிஷ் பூசியதுபோல் இறுகும். கிண்ணத்துக்குள் இறங்கும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளி தெரிய வேண்டும். வார்னிஷ் அடைத்த ஜெட்டில் அது தெரியாது. திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் சோக் போட்டால் மட்டும் ஓடும், சோக்கை எடுத்ததும் நின்றுவிடும். வொர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டியதுதான்.

தவிர்ப்பது எளிது. கடைசியாக ஓட்டி வந்து நிறுத்தும்போது பெட்ரோல் காக்கை (டாங்கியிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் குமிழை) மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் கிண்ணம் பெரும்பாலும் காலி. மிச்சத்துக்குக் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு உண்டு. காக்கில் ‘ஆஃப்’ இல்லாத வண்டிகளில் அந்தத் திருகு ஒன்றுதான் வழி. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கார்பார்க்கில் உட்கார்ந்து பெட்ரோலை டப்பாவில் பிடிக்கும் வேலை வேண்டாம், பக்கத்திலேயே யாராவது சிகரெட்டோடு வருவார்கள்.

ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து) ஊற்ற வேண்டுமா?

மூன்று மாதத்துக்குள் என்றால் எனக்கு அவசியமாகத் தெரியவில்லை. அதற்கு மேல் என்றால் ஊற்றலாம். பழைய பெட்ரோலை அது புதுசாக்காது, ஆகவே புதிதாக நிரப்பும் நாளிலேயே ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் குழாய்களுக்குள்ளும் போய்ச் சேரும்.

எஞ்சின் ஆயிலும் கூலன்ட்டும்?

கறுத்துப்போன ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதை பேரிங்குகளோடு மூன்று மாதம் ஊறவிடாமல், கிளம்புமுன் மாற்றிவிட்டுப் போவது நல்லது. பலர் ‘வந்து மாற்றிக்கொள்ளலாம், புது ஆயில் வீணாகிவிடும்’ என்பார்கள். நின்ற வண்டியில் புது ஆயில் மூன்று மாதத்தில் வீணாகாது.

கூலன்ட் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது: ‘அது உறையாமல் இருக்கத்தானே, நமக்கு எதற்கு, குழாய்த் தண்ணீரே போதும்’. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. அரிப்பைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீர் ரேடியேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் உள்ளிருந்து தின்னும், அதுவும் அசையாமல் நிற்கும்போது.

உறை போட்டு மூட வேண்டுமா?

கூரைக்குக் கீழே என்றால் தூசிக்காக ஒரு பழைய பருத்திப் படுக்கை விரிப்பு போதும். ஒன்றும் போடாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

திறந்தவெளியில் உறை வேண்டும். ஆனால் மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம். நனைந்த குடையை மடக்கிப் பைக்குள் திணித்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் எப்படி இருக்கும்? உறைக்குள் இருக்கும் பைக்கும் அப்படித்தான். வெயிலில் தரையிலிருந்து எழும் ஆவி உள்ளே போகும், வெளியே வராது. சீட்டில் பூஞ்சை, ஸ்போக்கில் துரு, சுவிட்சுகளில் பச்சைப் படிவு. காற்றுத் துளைகள் உள்ள, அடிப்பக்கம் திறந்த உறையாகப் பாருங்கள். வாரில் கட்டுங்கள், காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கியைத் தேய்த்துவிடும். மழையில் ஓட்டிவந்த கையோடு மூடாதீர்கள். கழுவி, ஒரு நல்ல வெயிலில் சுற்றிவிட்டு வந்து, எஞ்சின் ஆறிய பிறகு மூடுங்கள்.

உறை எப்படி விழுகிறது என்றும் ஒருமுறை பாருங்கள். சீட்டுக்கும் டாங்கிக்கும் நடுவில் துணி தொய்ந்து ஒரு குழி விழும். மழை பெய்தால் அங்கே ஒரு கோப்பை தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அதைவிடக் குறைவே போதும்; முட்டை கொசுவாக ஒரு வாரம் அல்லது பத்து நாள். குனிந்து பார்த்தால் கறுப்பு நூல் துணுக்கு மாதிரிப் புழுக்கள் மேலும் கீழும் நெளிவது தெரியும். டெங்கி பரவும் பேட்டைகளில் தேசிய சுற்றுப்புற வாரியம் பூச்சாடித் தட்டைக்கூட விடுவதில்லை, உங்கள் பைக் உறையா தப்பும்? தொய்வுக்குக் கீழே ஒரு தடித்த அட்டையையோ பழைய மிதவைக் குழாயையோ வைத்துத் துணியை மேடாக்கிவிட்டால் தண்ணீர் வழிந்துவிடும். டாப்பாக்ஸ் தட்டில், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்களிலும் பாருங்கள்.

டயர்?

சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் நிறுத்துங்கள். காற்று மாதத்துக்கு ஓரிரு பிஎஸ்ஐ இறங்கும், ஆகவே வழக்கத்தைவிட நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து வையுங்கள். சைடு ஸ்டாண்டு மட்டும் உள்ள வண்டியை, நண்பர் வரும்போது ஒரு அடி முன்னால் தள்ளிவைக்கச் சொன்னால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. தரையில் சிந்தியிருக்கும் ஆயிலின் மேல் மட்டும் நிறுத்த வேண்டாம்.

செயினுக்கு என்ன செய்ய?

மண்ணெண்ணெயில் துடைத்து, காயவைத்து, செயின் லூப் நன்றாக அடியுங்கள். மழையில் நனைந்த செயின் எண்ணெய் இல்லாமல் நின்றால் இரண்டே நாளில் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்க்கும். டபிள்யூடி-40 மட்டும் அடித்துவிட்டுப் போகாதீர்கள். அது ஈரத்தை விரட்டும், ஆனால் மாதக்கணக்கில் தங்காது. ஸ்கூட்டர்காரர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அவர்களுக்கு பெல்ட்.

டிஸ்க் பிரேக்கில் துரு தெரிகிறது. எண்ணெய் தடவலாமா?

தடவவே கூடாது! டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது, பேடையும் தூக்கிப்போட வேண்டியதுதான். தட்டின் மேல் படரும் மெல்லிய பழுப்புத் துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மெதுவாக உருட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் பேடே அதைத் துடைத்துவிடும். செயின் லூப் அடிக்கும்போது பின் டிஸ்க்கைத் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

புகைக்குழாயை அடைக்க வேண்டுமா?

குளிர்நாட்டில் எலி கூடு கட்டாமல் இருக்க அடைக்கிறார்கள். இங்கே அடைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் போக வழியில்லாமல் துருப்பிடிக்கும். ஆகவே திறந்தே இருக்கட்டும். எலி நமக்கும் உண்டுதான், ஆனால் அது தேடுவது ஒயரை. உணவங்காடிக்குப் பின்னால், குப்பைச் சேகரிப்பு இடத்துக்கு அருகில் நிறுத்தாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. டாப்பாக்ஸில் பிஸ்கட் துணுக்கு, இனிப்பு உறை எதுவும் விட்டுவைக்காதீர்கள். எறும்பு வரும், அப்புறம் போகாது.

திருட்டுக்கு என்ன முன்னேற்பாடு?

ஹேண்டில் பூட்டு, டிஸ்க் லாக், முடிந்தால் தூணோடு சேர்த்து ஒரு சங்கிலி. ஈஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவியில் கார்டு செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். கேமரா இருக்கும் பக்கம், மின்தூக்கிக்கு வரும் ஆட்கள் பார்க்கும் இடம் நல்லது. ஒதுக்குப்புற மூலை தூசிக்கு மட்டும்தான் நல்லது.

ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும்?

டாப்பாக்ஸுக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மூன்று மாதம் மூடிய பெட்டியில் வியர்வை ஊறிய பஞ்சு என்ன மணம் வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்பஞ்சைக் கழற்றித் துவைத்து, காயவைத்து, வீட்டு அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றோடு வையுங்கள். ஃபேர்பிரைஸில் கிடைக்கும். தோல் ஜாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், தோளில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

திரும்பி வந்ததும் என்ன வரிசையில் பார்ப்பது?

சாவியைத் தொடுவதற்கு முன் கைப்பேசியில் சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரியை மாட்டுங்கள். டயர் காற்று சரியா? வண்டிக்குக் கீழே புதிதாக ஏதாவது கசிந்திருக்கிறதா? கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள்; ஆக்சிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்ப வேண்டும். விளக்கு, ஹார்ன். அப்புறம் கியர் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் சக்கரம் உருளாது. ஸ்டார்ட் செய்து கியர் போட்டதும் வண்டி பாய்ந்து முன்னால் நிற்கும் காரில் முட்டுவதைவிட இப்போது தெரிந்துகொள்வது மேல்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் செல்ஃபை இடைவிடாமல் அழுத்தாதீர்கள். ஐந்து விநாடி அழுத்தி, அரை நிமிடம் விட்டு, மறுபடி. முதல் ஓட்டம் பேட்டைக்குள்ளேயே இருக்கட்டும், பிரேக் பிடிமானம் பழையபடி வந்த பிறகு விரைவுச்சாலைக்குப் போகலாம்.

ஒரு வருடம் போகிறேன். இதெல்லாம் செய்து வைத்திருப்பது லாபமா?

எனக்கு லாபமாகப் படவில்லை. பைக் நின்றாலும் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) நிற்பதில்லை. பத்து ஆண்டுக் கணக்கில் அந்த ஒரு வருடமும் கழிந்துவிடும். சாலை வரி, காப்புறுதி, சீசன் பார்க்கிங் எல்லாம் அதற்கு மேல். நாள் மிச்சமிருக்கும்போது வண்டியின் பதிவை ரத்துசெய்தால் சிஓஇயில் எஞ்சிய காலத்துக்குரிய தொகை கழிவாகத் திரும்பக் கிடைக்கும், ஆனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு நேரடி விற்பனையில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக வரும். காக்கி புக்கிட், உபி பக்கம் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். விற்றால் உரிமை மாற்றம் முடிந்துவிட்டதா என்று நீங்களே இணையத்தில் சரிபாருங்கள். சீசன் பார்க்கிங்கையும் மறக்காமல் நிறுத்துங்கள், இல்லாத வண்டிக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும்.